உங்களுக்குத் தெரியுமா? – நடைபாதைக்கும் அட்வான்ஸ் உண்டு!

● வீடில்லாதவர்களை எண்ணுவதற்கென்றே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் இரவு உண்டு. கடைசியாக அது நடந்தது 2011 பிப்ரவரி 28 அன்று. சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தடி, படிக்கட்டின் கீழ், பெரிய சிமென்ட் குழாய், கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று எங்கெல்லாம் ஆள் படுத்திருக்கிறாரோ அங்கெல்லாம் போய் அந்த ஒரே ராத்திரியில் எண்ணியாக வேண்டும். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர் தேறினார்கள். தமிழ்நாட்டில் சுமார் 50 ஆயிரம். தமிழ்நாட்டின் இந்த 50 ஆயிரத்தில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் நகரங்களில் இருந்தவர்கள்.

எண்ணுவது லேசான வேலையா? நள்ளிரவுக்கு மேல் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவரும் படுத்திருப்பார், அங்கேயே குடியிருப்பவரும் படுத்திருப்பார். முன்னவர் செருப்பைக் கழற்றாமலேயே பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவார். பின்னவர் செருப்பைக் கழற்றித் தலைமாட்டில் சொருகிக்கொள்வார், காலையில் கூட்டிப் பெருக்க வருகிறவர் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவார் என்பதும் அவருக்குத் தெரியும்.

● ஏழைகள் அதிகம் உள்ள ஊரில்தான் வீடில்லாதவர்களும் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறோம் அல்லவா? கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2022-ல் கிரெக் கோல்பர்ன், கிளேட்டன் பேஜ் ஆல்டர்ன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதையே ஒரு புத்தகமாக எழுதினார்கள். போதைப்பழக்கம், மனநோய், வறுமை என்று வழக்கமாகக் கைகாட்டப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து நகரத்துக்கு நகரம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. வறுமை மிகுந்த டெட்ராய்டில் தெருவில் படுப்பவர்கள் குறைவு, பணம் கொழிக்கும் சியாட்டில், சான் பிரான்சிஸ்கோவில் அதிகம். போதைமருந்துச் சாவுகளில் அந்த நாட்டிலேயே முன்னணியில் நிற்கும் மேற்கு வர்ஜீனியாவிலும் வீடில்லாதவர்கள் குறைவுதான். பொருந்தி வந்தவை இரண்டே இரண்டு: வாடகை, காலியாகக் கிடைக்கும் வாடகை வீடுகளின் எண்ணிக்கை.

அவர்கள் சொல்லும் உதாரணம் நம் பள்ளிக்கூட ஆண்டு விழா விளையாட்டான இசை நாற்காலி. காலில் கட்டுப் போட்ட பிள்ளைதான் முதலில் வெளியேறும். ஆனால் யாரோ ஒருவர் வெளியேறியே தீரவேண்டும் என்ற நிலை வந்ததற்குக் காரணம் அந்தக் கால் கட்டா? நாற்காலி ஒன்று குறைந்ததுதானே?

● இதைத் தருமபுரிக்குப் பொருத்திப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 15 லட்சம். இதில் நகரவாசிகள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். தமிழ்நாடு முழுமைக்கும் பார்த்தால் 48 பேர். எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி. வானம் பார்த்த பூமி. ஆனாலும் பாலக்கோட்டுக் கடைவீதியில் இரவில் யாரும் குடும்பம் குடும்பமாகப் படுத்துக் கிடப்பதில்லை. கிராமத்தில் குடிசையோ, ஓட்டு வீடோ, தகரக் கொட்டகையோ ஏதோ ஒன்று இருக்கிறது. பிழைப்புதான் இல்லை. பிழைப்பு இருக்கும் பெங்களூருவிலும் திருப்பூரிலும் சென்னையிலும் தலைசாய்க்க இடம் இல்லை. ஆகவே தருமபுரிக்காரர் வீடில்லாதவராக ஆவது பெரும்பாலும் தருமபுரி எல்லையைத் தாண்டிய பிறகுதான். மாவட்டத்தின் கணக்கில் அவர் வரவே மாட்டார்.

● பெங்களூருவில் வாடகை வீடு பிடிக்கப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். 5,000 ரூபாய் வாடகை என்றால் உள்ளே நுழையவே 50,000 வேண்டும். மாதாமாதம் வாடகை கட்டும் தெம்பு உள்ள கொத்தனாரும் சித்தாளும்கூட இந்த ஒரு கல்லில் தடுக்கி விழுகிறார்கள். கையில் மொத்தமாக அவ்வளவு பணம் இருந்தால் அவர் ஏன் ஊரை விட்டு வரப்போகிறார்?

● நடைபாதையில் படுப்பதாவது இலவசம் என்று நினைக்கிறீர்களா? உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லாரும் படிப்பார்கள். ஓல்கா டெல்லிஸ் ஒரு பத்திரிகையாளர். அவரோடு மனுப் போட்ட நடைபாதைவாசிகளில் ஒருவர் நம்மூர்க்காரர்; சேலத்திலிருந்து 1961-ல் பம்பாய்க்குப் பிழைக்கப் போன நிலமற்ற கூலித் தொழிலாளி. (அப்போது தருமபுரியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது; தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல்.) ஊரில் வறட்சி, வேலை இல்லை. தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி கிடைத்தது. மேற்கு விரைவுச் சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட ஓர் இடத்துக்கு அங்கிருந்த குடிசை தாதா அவரிடம் பிடுங்கியது 2,500 ரூபாய். கணக்குப் போடுங்கள்: நூற்றெட்டு நாள் கூலிக்கும் மேல்! மனைவி, மூன்று பெண் பிள்ளைகளோடு அதில்தான் குடித்தனம்.

1981 ஜூலையில் மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர். அந்துலே, நடைபாதைவாசிகளை அவரவர் ஊருக்கே திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார். அந்த மாதம் 23-ம் தேதி இவர் இடத்தை மாநகராட்சி இடித்தது. குடும்பத்தையே சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் தங்கிவிட, மனிதர் வேலை தேடி மறுபடி பம்பாய்க்கே திரும்பினார். மறுபடியும் நடைபாதை.

1985 ஜூலை 10-ல் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. வாழும் உரிமையில் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடக்கம் என்ற அந்த வரி இன்றுவரை எடுத்தாளப்படுகிறது. அதே தீர்ப்பு, நோட்டீஸ் கொடுத்து முறைப்படி அப்புறப்படுத்தலாம் என்றும் சொன்னது என்பதை மட்டும் பலரும் மேடையில் சொல்வதில்லை. 

● அடுக்குமாடிக் கட்டடம் எழும்பும்போது அதற்குள் முதலில் குடியேறுவது யார்? வாங்கியவர் இல்லை. சிமென்ட் மூட்டைக்கும் கம்பிக்கும் காவல் இருக்கும் குடும்பம். தரைத்தளத்தில், கதவு இல்லாத அறையில், ஜன்னல் ஓட்டையில் சாக்கைத் தொங்கவிட்டு, மூன்று செங்கல் அடுப்பில் சமையல். குழந்தைக்குப் பூசாத தூண்களுக்கு நடுவில் தொட்டில். மேல்மாடிக் கான்கிரீட் முடிந்தாலும் இடம் உண்டு, பூச்சு வேலை நடந்தாலும் உண்டு. தரைக்கு டைல்ஸ் வந்து இறங்கியதும் மூட்டை கட்ட வேண்டும். வீடு வீடாக மாறுகிற நாளில் இவர்களுக்கு வீடு போய்விடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்கள் பல இப்படியே ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்கு என்று பெங்களூருவைச் சுற்றி வந்திருக்கின்றன.

● சட்டம் இல்லாமலும் இல்லை. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1996-ம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், 34-வது பிரிவு: வேலை நடக்கும் காலம் முழுக்க, வேலையிடத்திலோ அருகிலோ, தொழிலாளிக்கு இலவசமாகத் தங்குமிடம் தரவேண்டியது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. தனிச் சமையலிடம், குளியலறை, கழிப்பறை எல்லாம் எழுதியிருந்தது. நடைமுறையில் தகரக் கொட்டகை கிடைத்தாலே புண்ணியம். வேலை முடிந்ததும் அந்தத் தங்குமிடத்தை அகற்றிவிட வேண்டும் என்றும் அதே பிரிவில் இருந்தது. சட்டத்தின் இந்தப் பகுதியை மட்டும் யாரும் மீறியதாகக் கேள்விப்பட்டதில்லை.

● செங்கல் சூளையிலும் இதே கதைதான். சூளைக் குடும்பம் தங்குவது பெரும்பாலும் அடுக்கி வைத்த செங்கல் மேல் தகரமோ தார்ப்பாயோ போட்ட, ஆள் குனிந்து நுழையும் குச்சில். முன்பணம் வாங்கியிருப்பதால் வேலையை விட முடியாது. விட்டால் அன்றிரவு படுக்க இடமும் கிடையாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது.

● 'நூறு நாள் வேலை'க்குத் தமிழ்நாட்டில் 2025-26 நிதியாண்டில் நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. ஒருநாள்கூட விடாமல் நூறு நாளும் வேலை கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 33,600, மாதத்துக்கு 2,800. வருமானத்தில் முப்பது சதவீதம் வரை வீட்டுக்குப் போகலாம் என்பது உலகெங்கும் சொல்லப்படும் பொது அளவுகோல். அப்படியானால் 840 ரூபாய். அந்த வாடகைக்கு வீடு இருந்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்.

● இந்திய நகரங்களில் எத்தனை வீடு குறைகிறது என்று கணக்கிட, பொருளியலாளர் அமிதாப் குண்டு தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 2012-ல் அது சொன்ன பதில் 1 கோடியே 87 லட்சத்து 80 ஆயிரம். இதில் அடியோடு வீடே இல்லாதவர்கள் பங்கு 5.3 லட்சம்தான். மிகப் பெரிய பங்கு, 1.5 கோடி, இடநெருக்கடிக் கணக்கு. அதாவது கல்யாணம் ஆன ஜோடிக்குத் தனியறை இல்லாத வீடுகள். பற்றாக்குறையில் 95 சதவீதத்துக்கும் மேல் ஏழை, எளிய வருமானப் பிரிவினருடையது.

நம்மூர்த் தொகுப்பு வீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த இடநெருக்கடி புதிதில்லை. ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அப்பாவின் கயிற்றுக் கட்டில் வாசலுக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுத் தாழ்வாரம். இரண்டாவது மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவன் பெங்களூரு பஸ் ஏறுவான். எந்தப் புள்ளிவிவரத்திலும் இவர்கள் மூவரும் வீடில்லாதவர்கள் கிடையாது.

● 2011 கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் பூட்டிக் கிடந்த காலி வீடுகள் 2.47 கோடி. நகரங்களில் மட்டும் 1.11 கோடி. பிள்ளைக்கு என்று வாங்கிப்போட்டது, விலை ஏறட்டும் என்று விட்டுவைத்தது, குடி வைத்தால் கிளப்ப முடியாதே என்ற பயத்தில் பூட்டியது, ஊருக்கு அப்பால் கட்டியதால் ஆளே வராதது எனப் பலவகை. வாங்க வசதி உள்ளவருக்கு இரண்டாவது வீடு கட்டப்படுகிறது, வாடகைக்குச் சின்னதாக ஒரு வீடு தேடுபவருக்கு யாரும் கட்டுவதில்லை. எனக்கென்னவோ, பற்றாக்குறை என்ற சொல்லைவிட இதைத்தான் முதலில் பேச வேண்டும் என்று படுகிறது.

● அரசு வீடு வாங்க என்ன வேண்டும்? முதலில் மனை வேண்டும். கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024-ல் அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் கிராமப்புறங்களில் 8 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்குவது இலக்கு. 360 சதுர அடி, வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், முதல் ஆண்டில் ஒரு லட்சம் வீடு. பிரதமர் குடியிருப்புத் திட்டத்தின் கிராமப் பிரிவில் சமவெளிப் பகுதிக்கு மத்திய, மாநிலப் பங்கு சேர்ந்து 1.20 லட்சம், 60-க்கு 40 என்ற விகிதம். இரண்டிலும் பணம் வருவது தவணையாக. அடித்தளம், லின்டல், கூரை என்று கட்டக்கட்ட பில் ஏறும். லின்டல் மட்டத்தோடு நின்று, கம்பி துருவேறி நிற்கும் சுவர்களை எந்த ஊர் எல்லையிலும் பார்க்கலாம். கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

● "கரண்ட் பில் இருக்கு சார், ரேஷன் கார்டு இருக்கு, வீட்டு வரி ரசீதும் இருக்கு. பட்டா மட்டும் இல்லைங்க." மனு நாளில் கலெக்டர் அலுவலகத்தில் காதில் விழும் பேச்சு இது. புறம்போக்கில் பல வகை. நத்தம் புறம்போக்கு என்றால் பட்டாவுக்கு வழி உண்டு. ஏரி, ஓடை, மேய்ச்சல் நிலம் என்றால் 'ஆட்சேபகரமான' பட்டியல். தாத்தா காலத்துக் குடிசையாக இருந்தாலும் அந்த இடத்துக்குப் பட்டா வராது. 2007-ம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தில் நோட்டீஸ் வரலாம். ஏரியைக் காப்பாற்றத்தான் வேண்டும், சந்தேகமில்லை. நிலம் இல்லாதவர் குடிசை போட ஏரிக்கரை தவிர ஊரில் வேறு எந்த இடத்தை விட்டுவைத்தோம் என்பது தனிக் கேள்வி.

● கிராமத்தில் வீடற்ற ஏழைக்கு அரசு தரும் இலவச மனைப் பட்டா 3 சென்ட் வரை, அதாவது சுமார் 1,300 சதுர அடி. குடும்பத்துப் பெண்ணின் பெயரில்தான் வழங்கப்படும். இதைச் செய்த புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கட்டும். குடிக்கு அடகு போகாமல் தப்பித்த மனைகள் ஏராளம்.

● சித்தேரி மலையிலும் பென்னாகரம் காட்டோரத்திலும் பட்டா விஷயம் இன்னும் ஒரு சுற்று சிக்கல். வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருக்கும் பழங்குடியினருக்கு உரிமை உண்டு என்றது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் பட்டா வழங்குவது 2008 முதல் முடங்கிக் கிடந்தது. உச்ச நீதிமன்றம் 2016-ல்தான் அந்த முட்டுக்கட்டையை நீக்கியது. 

● வாடகை ஏறியதால் மட்டும் வீடு போவதில்லை. அரூர் அருகே வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனம், காவல், வருவாய்த் துறையினர் புகுந்து ஊரையே சூறையாடினார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள், ஊரே காலியானது. 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

நாய்க்கன்கொட்டாய் பக்கத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகளில் 2012 நவம்பர் 7 மாலை இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொள்ளையிடப்பட்டு எரிக்கப்பட்டன. அங்கே போய்வந்த உண்மையறியும் குழுக்கள் ஒரு விவரத்தைத் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டன: அவற்றில் பல, பெங்களூருவில் கட்டட வேலை செய்து சேர்த்த காசில் எழுந்த வீடுகள். அங்கே தகரத்தடியில் படுத்துக்கொண்டு இங்கே கட்டியவை.

● தருமபுரி மாவட்டத்தில் ஒரு விசித்திரம்: இலங்கைத் தமிழர் முகாம்கள் பலவற்றுக்கு அணைகளின் பெயர். தும்பலஹள்ளி, கேசர்குளி, நாகாவதி, தொப்பையாறு, வாணியாறு, சின்னாறு. கடல் கடந்து ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் அணைக்கட்டு ஓரங்களில் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டார்கள். பத்துக்குப் பத்து அடைப்பில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் பிறந்துவிட்டன. 2021 ஆகஸ்டில் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றப்பட்டு, மாநிலம் முழுக்க இவர்களுக்கு 7,469 புதிய வீடுகள் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

● பின்லாந்து 2008 முதல் கொண்டுவந்த முறை இது: முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு வீட்டுச் சாவி, குடியை நிறுத்துவது, வேலை தேடுவது எல்லாம் அப்புறம். 1980-களின் கடைசியில் 18 ஆயிரத்துக்கும் மேல் இருந்த வீடற்றவர் எண்ணிக்கை 2023-ல் 3,500-க்கும் கீழ். இலவச வீடு இல்லை, வாடகை உண்டு. முடியாதவருக்கு அரசு உதவித்தொகை. இதற்கென்றே சின்னச் சின்ன வீடுகளை வாங்கியும் கட்டியும் வைத்திருந்தார்கள் என்பதுதான் சூட்சுமம். 

சென்னையில் 1993-ல் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு, மனநோயால் தெருவுக்கு வந்த பெண்களை இதே வழியில் 2015 முதல் சாதாரணத் தெருக்களில், சாதாரண வாடகை வீடுகளில் நாலைந்து பேராகச் சேர்த்துக் குடிவைக்கிறது. காய்கறி வாங்குவதும் சண்டை போடுவதும் அவர்கள் பாடு.

● நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு, நூறு பேர் தங்கும் இரவுக் காப்பகம் என்பது தேசிய விதி. தருமபுரி நகரத்தின் மக்கள்தொகை 2011-ல் 70 ஆயிரத்துக்கும் குறைவு. விதியின் அளவை முழுதாகத் தொடவே தொடாத சிறு நகரங்கள் நம் நாட்டில் நிறைய.

● வாடகைக்கு இருப்பவர்கள் கவனத்துக்கு: 2017-ல் நிறைவேறி 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் அமலில் இருக்கும் வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதைப் பதிவும் செய்ய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. ஆனால் 'வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில்' என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் பத்து மாதம் கேட்பார், நீங்கள் சரி என்பீர்கள், உடன்பாடு ஆகிவிடும்!

● 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்க இருக்கிறது. ஆக, வீடற்றவர்களைப் பற்றி நாடு இத்தனை ஆண்டுகளாகப் பேசுவது 2011-ன் அந்த ஒரு ராத்திரிக் கணக்கை வைத்துத்தான். அடுத்த முறை பெங்களூருவில் கட்டி முடியாத கட்டடத்தில் படுத்திருக்கும் அரூர்க்காரரை எண்ணினால், அவர் கர்நாடகக் கணக்கில் ஏறுவார்.